ஆஃபர் எங்கே போனது? தண்டையார்பேட்டை கிடங்கு நாட்குறிப்பு

3-6-2025, செவ்வாய்

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கு. அதன் நெட்வொர்க் கோளாறைச் சரிசெய்ய, தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனேன். கேட்டில் இருக்கும் கணினிகள் ஓடாததால் சீட்டைக் கையால் எழுதுகிறார்கள். டிரெய்லர்கள் வரிசையில் நிற்கின்றன, டிரைவர்கள் வெயிலில் காய்கிறார்கள். அதைப் பார்த்தபின் டீ குடிக்கக்கூடத் தோன்றவில்லை.

ஒரே நெட்வொர்க்காக இருந்ததைப் போன வாரம் மூன்று வி-லேனாக, அதாவது ஒன்றோடொன்று கலக்காத மூன்று தனி நெட்வொர்க்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். 10 அலுவலகம், 20 கேமரா, 30 கேட். கேமராக்களுக்குக் கையாலேயே ஐபி முகவரி கொடுத்துவிட்டார்கள். அலுவலகமும் சரியாக இருக்கிறது. கேட் கணினிகளில் மட்டும் 169.254 என்று தொடங்கும் முகவரி. கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராவிட்டால் விண்டோஸ் தானாக வைத்துக்கொள்ளும் முகவரி அது.

முகவரி இல்லாத கணினிக்கு யாரைக் கேட்பது என்று தெரியாது. அதனால் ‘டிஸ்கவர்’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். அந்தக் கூவல் தன் வி-லேனைத் தாண்டாது. சர்வரோ 10-ல் இருக்கிறது. நடுவிலிருக்கும் கோர் ஸ்விட்ச் அதை வாங்கி சர்வரிடம் சேர்க்க வேண்டும்; அதற்குப் பெயர் ரிலே. 30-க்கு அந்த ஒரு வரியே எழுதப்படவில்லை. எழுதினேன். இதுதான் என்று நினைத்தேன். முகவரி வரவில்லை.

4-6-2025, புதன்

கேட் ஸ்விட்சிலிருந்து பல வி-லேன்களையும் சுமந்து வரும் ட்ரங்க் இணைப்பில் 30-ஐ அனுமதித்திருக்கிறார்களா என்று பார்த்தேன், இருந்தது. ஒரு கணினிக்கு 192.168.30.50 என்று கையால் கொடுத்துப் பார்த்தேன். வி-லேனை விட்டு வெளியே போகும் வாசலான கேட்வேக்கு பிங் போட்டு, அதாவது ‘இருக்கிறாயா’ என்று தட்டிப் பார்த்தேன்; பதில் வந்தது, இன்டர்நெட்டும் வந்தது. சர்வரில் 30-க்கான ஸ்கோப், அதாவது கொடுப்பதற்கான முகவரித் தொகுப்பு, இருக்கிறது, முகவரிகளும் காலியாக இருக்கின்றன. பிறகு ஏன்? இருட்டும்வரை இருந்துவிட்டு வந்தேன்.

5-6-2025, வியாழன்

இன்று சர்வரிலேயே, நெட்வொர்க்கில் போய்வரும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க்கைப் போட்டு, டிஎச்சிபி பேச்சு நடக்கும் யுடிபி 67, 68 போர்ட்டுகளை மட்டும் பார்த்தேன். டிஸ்கவர் வந்து சேர்கிறது! அதற்குள் ‘ஜிஐ-அட்ரஸ்’ என்று ஒரு இடம் உண்டு, ரிலே தன் முகவரியை அதில் எழுதி அனுப்பும். 192.168.30.1 என்று சரியாகவே இருந்தது. எந்த ஸ்கோப்பிலிருந்து முகவரி எடுப்பது என்று சர்வர் அதை வைத்துத்தான் முடிவு செய்யும். பதிலையும் அதே முகவரிக்குத்தான் அனுப்பும்.

‘இந்த முகவரியை வைத்துக்கொள்’ என்ற பதிலான ஆஃபரையும் சர்வர் அனுப்புகிறது. ஆனால் கோர் ஸ்விட்சில் பார்த்தால் அது வரவே இல்லை. சர்வரிலிருந்து 30.1-க்கு பிங் போட்டேன். பதில் இல்லை.

அப்புறம்தான் சர்வரின் கேட்வேயைப் பார்த்தேன். 192.168.10.254. பழைய பிராட்பேண்ட் ரவுட்டர்! இப்போது கேட்வே கோர் ஸ்விட்ச், அதாவது 10.1. பழைய ரவுட்டரும் ஓடிக்கொண்டிருந்ததால் சர்வருக்கு இன்டர்நெட் வந்தது. அலுவலகக் கணினிகள் சர்வர் இருக்கும் அதே வி-லேனில் இருப்பதால் அவற்றுக்கும் குறை இல்லை. யாருக்கும் சந்தேகம் வர வழியே இல்லை. 30 என்றொரு நெட்வொர்க் இருப்பதே அந்த ரவுட்டருக்குத் தெரியாது. வந்த ஆஃபரையெல்லாம் வெளியே தள்ளிவிட்டது.

கேட்வேயை மாற்றினேன். டிஸ்கவர், ஆஃபர், அந்த முகவரியையே கேட்டு கணினி அனுப்பும் ரெக்வெஸ்ட், அதற்கு சர்வர் சம்மதம் சொல்லும் அக். நான்கும் வரிசையாகத் திரையில் விழுந்தபோது நெஞ்சு லேசானது. புதன்கிழமை அந்த 30.50-லிருந்து இன்டர்நெட்டோடு நிற்காமல் சர்வரையும் பிங் செய்திருந்தால், டிரைவர்களுக்கு ஒரு நாள் வெயில் மிச்சமாகியிருக்கும். இது எனக்கு உறுத்துகிறது. இனி என் பட்டியலில் அதுதான் முதல் வரி.

இரவு பாரிமுனைப் பக்கம் போய் அத்தோ சாப்பிட்டேன். மூன்று நாளில் ஒழுங்கான சாப்பாடு இதுதான்.

6-6-2025, வெள்ளி

முகவரி கிடைத்துவிட்டது என்று விட்டுவிட மனமில்லை. லீஸ், அதாவது முகவரியைக் கணினி வைத்துக்கொள்ளும் கெடு, 8 மணி நேரம். பாதி நேரம் கடந்ததும் கணினி அதைப் புதுப்பிக்கக் கேட்கும். இந்த முறை கூவாது, ரிலே வழியாகவும் போகாது, நேராக சர்வருக்கே அனுப்பும். அந்த வழி அடைபட்டிருந்தால் மதியத்துக்கு மேல்தான் தெரியும். காலை 9.10-க்கு ஒரு கணினியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

“தம்பி, அதான் ஓடுதே, இன்னும் இன்னாத்துக்கு உக்காந்துக்கினு இருக்க?” என்றார் கேட்டில் இருக்கும் பெரியவர்.

“ஒரு மணி வரைக்கும் பாத்துட்டுப் போறேண்ணா.”

1.10-க்கு 192.168.30.21-லிருந்து ஒரு ரெக்வெஸ்ட், உடனே அக். பெரியவர் அடுத்த டிரெய்லருக்குச் சீட்டை பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தார். லேப்டாப்பை மூடினேன்.