பழைய எச்எம்டி பைலட் வாங்கும்போது நான் என்னென்ன பார்த்தேன்

சாவி குடுக்குற எச்எம்டி பைலட் வாட்ச் மேல எனக்கு ரொம்ப நாள் ஆசை. 1961ல சிட்டிசன் கம்பெனியோட சேர்ந்து பெங்களூர்ல வாட்ச் செய்ய ஆரம்பிச்ச அரசு கம்பெனி எச்எம்டி; 2016ல அந்த வாட்ச் கம்பெனியை மூடுறதுக்கு மத்திய அரசே ஒப்புதல் குடுத்துடுச்சு, அதுக்கப்புறம் பழசுக்கு கிராக்கி ஏறிடுச்சு, கூடவே டூப்ளிகேட் வேலையும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைல தரையில விரிச்சு வெச்சிருந்த ஒரு அண்ணன்கிட்ட ரெண்டு பைலட் இருந்துச்சு. ஒண்ணு ஆரஞ்சு டயல், பளபளன்னு, "புதுசு மாதிரி தம்பி, 3500"ன்னாரு. லூப் (வாட்ச் ரிப்பேர்காரங்க கண்ணுல வெச்சுக்குற பூதக்கண்ணாடி) வெச்சுப் பார்த்தா எழுத்தோட ஓரமெல்லாம் மை கசிஞ்ச மாதிரி தடிப்பா இருக்கு, நிமிஷக் கோடு ஒண்ணு பக்கத்து நம்பர் மேலயே ஏறி நிக்குது. ஃபேக்டரி பிரிண்ட் அப்படி இருக்காது, இது ரீபெயின்ட். நாப்பது வருஷ வாட்ச்ல டயல் மட்டும் நேத்து வந்த மாதிரி இருந்தாலே சந்தேகப்படணும்.

இன்னொண்ணு கறுப்பு டயல். கண்ணாடி முழுக்க கீறல், ஆனா எழுத்து ஊசி மாதிரி ஷார்ப்பா இருந்துச்சு, டயல் புள்ளில இருக்குற ரேடியமும் (இருட்டுல மின்னுறதுக்குப் போடுற பூச்சைத்தான் அப்படிச் சொல்றோம்) முள்ளுல இருக்குறதும் ஒரே மாதிரி பழுத்த மஞ்சள் கலர். இது எனக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா முள்ளு மட்டும் வெள்ளையா இருந்தா மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். கீறல் பிரச்சனையே இல்ல, அது பிளாஸ்டிக் கண்ணாடி, பாலிஷ் போட்டா போயிடும், இல்லன்னா புதுசே மாட்டிக்கலாம்.

"பின்னாடி மூடியைத் திறந்து காட்டுங்கண்ணே"ன்னு கேட்டேன், முகம் சுளிக்காம திறந்தாரு. எச்எம்டியோட 0231ங்குற நம்பர் மிஷின், 17 ஜுவல்ஸ், அதாவது தேய்மானம் குறைய உள்ள பதிச்ச 17 சின்னக் கல்லு. ஸ்க்ரூ தலையெல்லாம் சிதையாம இருந்துச்சு, அதாவது கண்டவங்க கை வைக்கல. சாவித் தண்டு உள்ள போற இடத்துல மட்டும் லேசா துரு, நம்ம ஊர் வியர்வைக்கு அது சகஜம், ஆனா துரு பல்சக்கரம் வரைக்கும் பரவியிருந்தா வெச்சுட்டு வந்திருப்பேன். கொஞ்சமா சாவி குடுத்ததும் பேலன்ஸ் வீல், அதாவது முன்னும் பின்னும் ஆடி வாட்ச்சோட வேகத்தைக் கட்டுப்படுத்துற சக்கரம், தானா ஆட ஆரம்பிச்சுது, கவுத்துப் பிடிச்சும் நிக்கல. டைம் செட் பண்றப்போ முள்ளு வழுக்காம கூடவே நகருதான்னும் பார்த்துக்கிட்டேன்.

வெலை 2200 சொன்னாரு. "ஆயில் காஞ்சு போயிருக்குண்ணே, சர்வீஸ் 600, கண்ணாடி வேற மாத்தணும்"னு அவர் முன்னாடியே கணக்குப் போட்டுச் சொன்னேன், 1500க்கு முடிஞ்சுது. மிஷின்ல என்ன போனாலும் இன்னொரு 0231ல இருந்து எடுத்துப் போட்டுக்கலாம், ஒரிஜினல் டயலை ஒருதடவை பெயின்ட் அடிச்சுட்டா திரும்ப வராது, அதனால நான் காசு குடுத்தது டயலுக்குத்தான்.

சர்வீஸ் பண்ணின அண்ணன் டயலைத் துடைக்கட்டுமான்னு கேட்டாரு, வேணாம்னு கையைப் பிடிச்சுட்டேன். இப்ப ஒரு நாளைக்கு அரை நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுது, இந்த வயசு மிஷினுக்கு அது தாராளம்.