அக்கா மகனின் அறையை ஒழுங்குபடுத்திய கதை

பதின்ம வயதுப் பிள்ளையின் அறையை ஒழுங்குபடுத்தும் வேலையைப் பெற்றவர்களிடம் விடவே கூடாது என்பது என் கட்சி. அந்த அறைக்குள் நுழைந்ததும் அவர்களுக்கு வாய்தான் முதலில் வேலை செய்யும், கை அப்புறம்தான். "இது எத்தனை நாளா இங்கே கிடக்கு? போன மாசம் வீடு முழுக்கத் தேடினோமே, அந்தத் துண்டுதானே இது?" என்று ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் பிள்ளை ஹெட்போனை மாட்டிக்கொள்ளும், பேச்சு மதிப்பெண், செல்போன், எதிர்காலம் என்று எங்கெங்கோ போகும், அறை மட்டும் அப்படியே இருக்கும். அதனால்தான் அக்கா என்னை உதவிக்குக் கூப்பிட்டபோது, நீயும் அத்தானும் வெளியே கிளம்பினால்தான் வருவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

பையனுக்கு 16 வயது. அவனிடமும் பேசி முடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன். உன்னைக் கேட்காமல் ஒரு துண்டுக் காகிதம்கூடக் குப்பைக்குப் போகாது, மேசையின் கீழ் டிராயரை நான் திறக்கவே மாட்டேன், அதை நீயே பார்த்துக்கொள் என்றேன். அந்த டிராயரில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் அந்த ஒரு வாக்குக்குப் பிறகு அவன் கட்டிலை விட்டு எழுந்து வந்து கூடவே நின்றான், அதுதான் முக்கியம். அவன் இல்லாத நேரம் பார்த்து அறையைச் சுத்தம் செய்து ஆச்சரியப்படுத்தலாம் என்று சிலர் நினைப்பார்கள். அந்த வயதில் அது ஆச்சரியம் இல்லை, அத்துமீறல். அதோடு எதை எங்கே வைத்தார்கள் என்று தெரியாததால் ஒரு பொருளைத் தேட மொத்தத்தையும் கலைக்க வேண்டியிருக்கும், இரண்டே நாளில் பழைய கோலம் வந்துவிடும்.

எதையும் தொடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து, எது எங்கே விழுந்து கிடக்கிறது என்று பார்த்தேன். குப்பை மாதிரி தெரிந்தாலும் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. பை எப்போதும் கதவுக்குப் பின்னால். சாக்ஸ் எல்லாம் கட்டிலின் இடது பக்கம், ஏனென்றால் அவன் அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் கழற்றுகிறான். சார்ஜர் ஒயர்கள் தலையணைக்கு அடியில், ஏனென்றால் இருக்கிற ஒரே பிளக் பாயின்ட் கட்டிலின் தலைமாட்டில்தான். புத்தகங்கள் தரையில், ஏனென்றால் மேசை முழுக்க வேறு சாமான். இதையெல்லாம் திருத்தப் போவதைவிட, பொருள் விழுகிற இடத்திலேயே அதற்கு ஒரு இடம் செய்துகொடுப்பது சுலபம். அழுக்குக்கூடை அதுவரை குளியலறை வாசலில் இருந்தது, மூடி போட்டு, அழகாக, காலியாக. அதைத் தூக்கிவந்து கட்டிலின் இடது பக்கம் வைத்தோம், மூடியைக் கழற்றிப் போட்டோம். இப்போது சாக்ஸில் முக்கால்வாசி கூடைக்குள் விழுகிறது.

துணி விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், இந்த வயதுப் பிள்ளைகளின் அறையில் பாதிப் பிரச்சினை அதுதான். நாற்காலி மேல் குவிந்து கிடந்ததை அள்ளிக் கூடையில் போடப் போனேன். "சித்தி, அது அழுக்கு இல்ல, ஒரு தடவைதான் போட்டேன்" என்றான். சரி, அப்படியென்றால் அலமாரியில் வை என்றேன். "ஒரு தடவை போட்டதை எப்படித் துவைச்ச துணியோட வைக்கறது?" என்றான். நியாயமான கேள்விதானே! எந்த வீட்டு அலமாரியிலும் இரண்டே வகைத் துணிக்குத்தான் இடம் இருக்கிறது, துவைத்தது உள்ளே, துவைக்க வேண்டியது கூடையில். ஒரு மணி நேரம் போட்ட ஜீன்ஸ், இரவில் மட்டும் மாட்டுகிற ஸ்வெட்டர், நாளை மறுபடி போடப்போகும் டி ஷர்ட், இதற்கெல்லாம் எங்கேயும் இடம் கிடையாது. அதனால் நாற்காலிக்குப் போகிறது. பெரியவர்களான நம் அறையிலும் அப்படி ஒரு நாற்காலியோ கட்டில் முனையோ இருக்கத்தான் செய்கிறது, நம்மை யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் தோள் உயரத்தில் ஒரு மரப்பட்டை அடித்து வரிசையாகக் கொக்கிகள் மாட்டினோம். ஹேங்கர் வேண்டாம், கொக்கிதான் வேண்டும். ஹேங்கரில் மாட்ட அலமாரியைத் திறக்க வேண்டும், காலி ஹேங்கரைத் தேட வேண்டும், தோள்பட்டையைச் சரிசெய்ய வேண்டும், மறுபடி கதவை மூட வேண்டும். கொக்கியில் ஒரே வீச்சு. திட்டமிடுவதையும் ஆரம்பித்த வேலையை முடிப்பதையும் கவனித்துக்கொள்கிற மூளையின் முன்பகுதி முழுதாக முதிர ஏறத்தாழ 25 வயது ஆகிவிடும் என்கிறார்கள் நரம்பியல்காரர்கள். நான்கு படி வேலையை ஒரு படியாகக் குறைப்பதைச் சலுகை என்று அக்கா நினைக்கிறாள். எனக்கு அது நடைமுறை, அவ்வளவே.

இந்த மாதிரி வேலை என்றாலே எல்லோருக்கும், வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றிப் புத்தகம் எழுதிப் பிரபலமான ஜப்பானியப் பெண்மணி மேரி கோண்டோ ஞாபகம் வந்துவிடும். ஒரு வகைப் பொருள் மொத்தத்தையும் ஒரே இடத்தில் குவி, துணியில் ஆரம்பி, அப்புறம் புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், கடைசியில்தான் நினைவுப் பொருள் என்பது அந்த அம்மாவின் வரிசை. பெரியவர்களுக்கு நல்ல வழிதான். 16 வயதுக்காரனிடம் அது எடுபடாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் மொத்தத் துணியையும் கட்டிலில் குவித்த பிறகு அவனுக்கு உற்சாகம் வடிந்துவிட்டால் இரவு படுக்கக்கூட இடம் இருக்காது. நாங்கள் மூலை மூலையாகப் போனோம். ஒரு மூலை முடிந்தால் அது முடிந்ததுதான், பாதியில் நிறுத்தினாலும் அறை முன்பைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கும்.

முதல் மூலை கட்டிலுக்கு அடியில். ஜோடி இல்லாத சாக்ஸ்கள், இரண்டு வகுப்புக்கு முந்தைய நோட்டுகள், மூடி தொலைந்த பேனாக்கள், ஓரம் நசுங்கிய பந்து, இவற்றோடு ஒரு பழைய செல்போன். எடுத்துப் பார்த்தால் பின்பக்க மூடி ஒரு பக்கம் மட்டும் லேசாக மேலெழுந்து, உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. இதை மட்டும் எல்லோரும் கவனியுங்கள். லித்தியம் பேட்டரி உப்பினால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போட்டுப் பார்க்கவோ கூடாது, தீப்பிடிக்கும். சாதாரணக் குப்பையோடும் போடக் கூடாது, மின்னணுக் கழிவு வாங்குகிற இடத்தில்தான் கொடுக்க வேண்டும். அந்தப் போன் மெத்தைக்கு நேர் கீழே கிடந்தது என்று அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, அவள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

தூக்கிப் போடலாமா வேண்டாமா என்று அவன் தயங்கியதையெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதிப் பரணில் ஏற்றிவிட்டோம். வேண்டுமென்றால் இறக்கிக்கொள்ளலாம்.

இடம் காலியான பிறகுதான் சாமான்களை மாற்றிப் போடுவதைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தோம். கனமான கட்டிலை மூன்று முறை இழுத்து இடுப்பைப் பிடித்துக்கொள்வதைவிட, தரையில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி இங்கே கட்டில், இங்கே மேசை என்று கோடு போட்டுப் பார்ப்பது மேல். நடக்க 60 சென்டிமீட்டராவது விட வேண்டும், அலமாரிக் கதவு முழுதாகத் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மேசை 72 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் இருப்பது வழக்கம், ஆனால் வளர்கிற பிள்ளைக்கு அளவைவிட உட்கார்ந்து பார்ப்பதுதான் சரி. பாதம் தரையில் படிய வேண்டும், முழங்கை மேசை உயரத்துக்கு வர வேண்டும். அவன் சிறுவயதில் வாங்கிய நாற்காலியில் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. மேசையில் உட்காராமல் கட்டிலில் படுத்துக்கொண்டே படிக்கிறான் என்று அக்கா புலம்பியதற்கு இதுதான் காரணமாக இருந்திருக்கும். உயரமான புத்தக அலமாரியைச் சுவரோடு எல் வடிவக் கிளாம்ப் போட்டு இறுக்கினோம். மேல் தட்டில் இருப்பதை எடுக்கக் கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறுகிற வயது இது, சாய்ந்தால் ஆளையும் சேர்த்துத்தான் சாய்க்கும்.

அடுத்தது பெயின்ட். நான்கு சுவரும் கருப்பு வேண்டும் என்றான். கருப்பு அடித்தால் அறை சின்னதாகத் தெரியும் என்று அத்தான் சொல்லிப் பார்த்திருக்கிறார், அவன் அசையவில்லை, சின்னதாகத் தெரிந்தால் அவனுக்கு என்ன? நான் வேறு விதமாகப் போனேன். கருப்பு மேட் பூச்சில் கை பட்ட எண்ணெய்த் தடம், தூசி, சின்னக் கீறல் எல்லாம் வெள்ளையில் தெரிவதைவிடப் பளிச்சென்று தெரியும், பிறகு மனம் மாறி வெளிர்நிறம் அடிக்க வேண்டுமென்றால் பிரைமர் போட்டு அதற்கு மேல் இரண்டு மூன்று கோட் அடிக்க வேண்டும், அதையும் நீதான் அடிப்பாய் என்றேன். கொஞ்சம் யோசித்து, கட்டில் தலைமாட்டுச் சுவர் ஒன்று மட்டும் அடர் நீலம், மற்றது வெளிர் சாம்பல் என்று இறங்கி வந்தான். ஒரு சின்ன டப்பா வாங்கிச் சுவரில் கை அகலத்துக்கு அடித்து, காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் பார்க்கச் சொன்னேன். ஒரே நிறம் இரண்டு நேரத்திலும் வேறு வேறாகத் தெரியும், காய்ந்த பிறகு இன்னொரு மாதிரி இருக்கும்.

போஸ்டர் ஒட்டின இடங்களில் ஒட்டும் களிமண் எண்ணெய் வட்டம் வட்டமாக ஊறியிருந்தது. அதன் மேல் நேராகப் பெயின்ட் அடித்தால் கறை மறுபடி வெளியே வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆணி ஓட்டைகளுக்குப் பட்டி வைத்து, கறை மறைக்கும் பிரைமர் ஒரு கோட் கொடுத்த பிறகுதான் நிறம். ஒரு லிட்டர் பெயின்ட் ஒரு கோட்டுக்குப் பெரும்பாலும் 10 முதல் 12 சதுர மீட்டர் வரும், டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். எங்கள் சுவர் 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம், அதாவது 8 சதுர மீட்டர் சொச்சம். இரண்டு கோட்டுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தேவைப்படவில்லை. ரோலரை அவனிடமே கொடுத்துவிட்டேன். ஓரத்தில் கொஞ்சம் அலை அலையாகத்தான் வந்திருக்கிறது, அவன் அடித்த சுவர், இருக்கட்டும். ஓரத்து டேப்பைப் பெயின்ட் முழுதாகக் காய்வதற்கு முன்பே உரித்துவிடுங்கள், காய்ந்து இறுகிய பிறகு உரித்தால் பெயின்டும் சேர்ந்து பட்டையாக வரும். புதுச் சுவரில் எல்இடி ஸ்ட்ரிப்பையோ போஸ்டரையோ உடனே ஒட்டவும் கூடாது, தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் பெயின்ட் உள்ளே இறுகச் சில வாரங்கள் ஆகும். அவன் ஸ்ட்ரிப்பைக் கட்டிலின் பின்சட்டத்தில் ஒட்டிக்கொண்டான், வெளிச்சம் சுவரில் விழுகிறது, சுவருக்கும் சேதம் இல்லை.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இரவெல்லாம் விழித்திருக்கிறான், காலையில் எழுப்பவே முடியவில்லை என்பது அக்காவின் நிரந்தரப் புகார். பருவமடையும் வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரக்கும் நேரமே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது, அதே சமயம் 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று 2016ல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி பரிந்துரைத்தது. பள்ளிக்கூட மணியை நம்மால் மாற்ற முடியாது, அறையை மாற்றலாம். உச்சியில் எரிந்த வெள்ளை விளக்கைப் படிக்க மட்டும் வைத்துக்கொண்டு, கட்டில் பக்கம் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு ஒன்று போட்டோம். ஜன்னலுக்குக் கனத்த திரை வேண்டும் என்று கேட்டான், நான் சம்மதிக்கவில்லை. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்புக் கடிகாரம் கொஞ்சமாவது முன்னே வரும். சார்ஜரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு மேசைக்கு இடம் மாற்றியதில் தலையணைக்கு அடியில் போன் சூடாகிற தொல்லையும் போனது. இரவு அது அங்கேயே இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கூரையில் அவன் சின்னப் பையனாக இருந்தபோது ஒட்டிய, இருட்டில் பச்சையாக மினுங்கும் நட்சத்திரங்கள் இருந்தன. கூரைக்கும் பெயின்ட் அடிப்பதாக இருந்தால் எடுக்க வேண்டும் என்றேன். "அது இருக்கட்டும் சித்தி" என்றான், கொஞ்சம் வேகமாகவே. கூரையை விட்டுவிட்டோம்.

அக்காவோடு பேசி முடித்ததுதான் இதில் கஷ்டமான பாகம். மூன்றே விஷயம்தான் நீ கேட்கலாம் என்றேன். ஈரத்துண்டு அறைக்குள் கிடக்கக் கூடாது, ஏனென்றால் பூஞ்சை பிடிக்கும். சாப்பிட்ட தட்டும் டம்ளரும் இரவே வெளியே வர வேண்டும், எறும்பு அவனோடு நிற்காது. கதவிலிருந்து கட்டில் வரை தரை தெரிய வேண்டும், இருட்டில் எழுந்து வந்தால் விழாமல் இருக்க. போர்வை மடிப்பு, புத்தக வரிசை, கொக்கியில் எத்தனை சட்டை தொங்குகிறது என்பதெல்லாம் அவன் பாடு. அவளும் சரி என்றாள், முகத்தில் சரி இல்லை. கொக்கிகளில் இப்போது ஒன்றின் மேல் ஒன்றாக ஜீன்ஸ் தொங்குவதாகவும், இதற்கு நாற்காலியே தேவலை என்றும் போனில் சொன்னாள். இருந்துவிட்டுப் போகட்டும், நாற்காலியில் இப்போது அவன் உட்காருகிறான். அவன் உயரத்துக்கு ஏற்ற வேறு நாற்காலி பார்த்து வைத்திருக்கிறேன், அதை வாங்கும்போது இன்னும் இரண்டு கொக்கியும் சேர்த்து வாங்கிவர வேண்டும்.