பத்தொன்பது பேர் பார்த்த ஆட்டம்

பாஸ்டனிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். ரோட் ஐலண்டில் இருக்கும் பாட்டக்கெட் ஒரு பழைய மில் ஊர். 1793-ல் கட்டிய ஸ்லேட்டர் நூற்பாலை இன்னும் ஆற்றங்கரையில் நிற்கிறது. ஆனால் 2025-ல் நான் போனது அதற்காக இல்லை. மெக்காய் பேஸ்பால் ஸ்டேடியம் இருந்த இடத்தைப் பார்க்க.

2019 கோடையில் நண்பர் ஒருவர் காரில் கூட்டிவந்து இங்கே ஒரு ஆட்டம் காட்டினார். பாட்டக்கெட் ரெட் சாக்ஸ், ஊர்க்காரர்கள் வாயில் 'பாசாக்ஸ்'. பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு ஆள் தயார்செய்யும் டிரிபிள்-ஏ அணி, அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்குக்கு ஒரே படி கீழே. நன்றாக ஆடுபவனை பாஸ்டன் இழுத்துக்கொள்ளும். ரசிகர்களுக்கு அதில் வருத்தம் கிடையாது, பெருமைதான்.

அன்றைய ஸ்கோர் எனக்கு மறந்துவிட்டது. மறக்காதது பால் கேன். வீரர்கள் உட்காரும் இடம் அங்கே பார்வையாளர் வரிசைக்கு நேர் கீழே இருக்கும், முகமே தெரியாது. அதனால் பிள்ளைகள் காலி பிளாஸ்டிக் கேனை வெட்டி, உள்ளே பந்தும் பேனாவும் போட்டு, கயிற்றில் கீழே இறக்குவார்கள். கிணற்றில் வாளி விடுகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் கயிறு அசையும். இழுத்தால் பந்தில் கையெழுத்து!

சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் கட்டி 1942-ல் திறந்த மைதானம் அது. ஆலை நினைவாக 'ஸ்லேட்டர்ஸ்' என்று ஓர் அணி 1946 முதல் நான்கு வருடம் ஆடியது. ரெட் சாக்ஸ் கிளை 1970-ல் வந்தது, 1973-ல் டிரிபிள்-ஏ ஆனது. அப்புறம் திவால். 1977-ல் பென் மாண்டோர் என்ற ஜவுளி ஆலை முதலாளி வாங்கி, டிக்கெட்டை மலிவாக வைத்துக் குடும்பங்களை வரவழைத்தார். 2005 சீசனில் 6.8 லட்சத்துக்கும் மேல் கூட்டம்.

இந்த ஊரின் பெயரை பேஸ்பால் உலகம் மறக்காததற்குக் காரணம் வேறு. 1981 ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தைய இரவு, ரோச்செஸ்டர் அணியுடன் ஆட்டம். பேஸ்பாலில் டிரா கிடையாது. ஒன்பது இன்னிங்ஸில் சமன் என்றால் முடிவு தெரியும்வரை ஆட வேண்டும். 21-வது இன்னிங்ஸில் ரோச்செஸ்டர் முந்தியது. பாட்டக்கெட்டின் வேட் போக்ஸ் அடித்து மறுபடி சமன் செய்தார், ஆட்டம் நீண்டது. பாவம், சொந்த அணியே அவரைத் திட்டியிருக்கும். குளிர் தாங்காமல் உடைந்த மட்டைகளைப் பீப்பாயில் போட்டு எரித்தார்கள். இரவில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஆடக்கூடாது என்ற விதி நடுவர்களிடம் இருந்த புத்தகத்தில் விட்டுப்போயிருந்தது. 32 இன்னிங்ஸ், 2-2, விடியற்காலை 4:07-க்கு நிறுத்தினார்கள். மிச்சமிருந்த ரசிகர்கள் 19 பேர். தாமதமாக வீடு போன ஒரு பிட்சரை (பந்து எறிபவர்), ஆட்டத்தில்தான் இருந்தேன் என்று சொல்லியும் மனைவி நம்பவில்லையாம்.

ஜூன் 23-ல் தொடர்ந்தபோது 18 நிமிடத்தில் முடிந்தது: டேவ் கோசா அடிக்க, பாட்டக்கெட் 3-2. தோற்ற அணியில் கால் ரிப்கன் என்ற வீரர். அவரும் போக்ஸும் பின்னாளில் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்தார்கள்.

மாண்டோர் 2010-ல் இறந்தார். புதிய உரிமையாளர்களுக்குப் புது மைதானம் வேண்டும், செலவை யார் ஏற்பது என்று இழுபறி. 2020-ல் கொரோனாவால் ஆட்டமே இல்லை. 2021-ல் அணி மாசசூசெட்ஸின் வூஸ்டருக்குப் போய்விட்டது. நான் வந்திறங்கிய ரயில் நிலையம் திறந்தது 2023-ல். அணி போன பிறகு ரயில்!

இப்போது அங்கே வேலி. ஸ்டேடியத்தை இடித்துவிட்டார்கள், உயர்நிலைப் பள்ளி வரப்போகிறது. கால் வலிக்க நடந்து, வழியில் ஒரு கடையில் காபி மில்க் குடித்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், 81-ல் அந்த ஆட்டத்துக்குப் போயிருந்ததாகச் சொன்னார்.

"அப்படியா! அந்த 19 பேரில் நீங்களும் ஒருவரா?"

"இல்லப்பா. குளிர் தாங்கல. பன்னிரண்டாவது இன்னிங்ஸ்லயே கிளம்பிட்டேன்."