தட்டிக்கு அந்தப் பக்கம்

அக்டோபர் 6, 2025, திங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாச்சு. புதிதாக வந்த டீச்சர் பெண்ணுக்குத் தொண்டை இன்னும் சரியாகவில்லை. ஊருக்குப் போய், வாய் மூடிக் கிடந்து வந்தும் குரல் கரகரவென்றுதான் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மொத்தக் கும்பலையும் அவளிடம் விட்டிருக்கிறார் ஹெச்.எம். எந்தப் பள்ளியிலும் இதே கதைதான், கடைசியாக வந்தவர் தலையில்தான் ஒன்றாம் வகுப்பு. 1999-ல் எனக்கும் அதுதான் கிடைத்தது.

அக்டோபர் 8

ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு (டெட்) படிப்பு. பியாஜே, குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கு நான்கு நிலைகள். இரண்டாவதும் மூன்றாவதும் குழம்புகிறது.

அக்டோபர் 10

மதியம் சாப்பிடும்போது மறுபடி உச்ச நீதிமன்றத் தீர்ப்புப் பேச்சு. ஹெச்.எம்.முக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம்தான், ஐந்துக்குக் கீழே, அதனால் அவரைத் தொடாது. எனக்கு ஏழு. இரண்டு வருஷத்துக்குள் டெட் பாஸ் பண்ண வேண்டும். நாலாம் வகுப்பு சார் 2009 ஜூனுக்கு அப்புறம் வேலைக்கு வந்தவர். மே மாதம் சேர்ந்தவருக்கு அப்போது அடிப்படைச் சம்பளம் 8,370, இவருக்கு 5,200. "முதல்ல அதைச் சரி பண்ணட்டும், அப்புறம் பரீட்சை எழுதறேன்" என்று டப்பாவை ஓங்கி மூடினார்.

எங்கள் நால்வரில் டெட் பாஸ் பண்ணியவள், அதற்கு மேல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) போட்டித் தேர்வும் எழுதி வந்தவள், ஜூலையில் சேர்ந்த இந்தப் பெண் ஒருத்திதான். பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் தலையே தூக்கவில்லை, ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி.

அக்டோபர் 13

எமிஸ் வேலை, அதாவது பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றுவது, எல்லாம் அவளுக்கு. உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு எண்கள் அவளுக்கு. போட்டோ எடுத்து ஏற்றுவதும் அவளே. "சின்னப் பொண்ணு, போன்ல விரல் ஓடுது" என்கிறார் ஹெச்.எம். விரல் ஓடினால் மாலை ஆறு மணி வரை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் டவர் தேடி நிற்க வேண்டுமா?

அக்டோபர் 17

கடைசியில் சொல்லிவிட்டேன். கத்தாதேம்மா, அதுங்க சத்தம் ஏற ஏற நீ குரலை இறக்கு, என்ன சொல்றாங்கன்னு கேக்க அதுங்களே அடங்கும். வாசல் பக்கம் நின்று பாடம் நடத்தாதே, சத்தமெல்லாம் வெளியே போய்விடும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதே. காலையில் முதல் கால் மணி நேரம் நீ வாயே திறக்காமல் அதுங்களை எழுத வை.

நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இதையெல்லாம் போய் எழுதறியா?" என்றேன். "யாரும் சொன்னதில்ல டீச்சர். வட்டார வள மையத்துல ஆப்ல எப்படிப் பதியணும்னுதான் சொல்லித் தந்தாங்க."

சொல்வதற்கு நேரம் எங்கே இருக்கிறது? தொடக்கப்பள்ளியில் ஓய்வுப் பாடவேளை என்று ஒன்று கிடையாது. பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற நேரத்தில் பைப்படியில் நின்று சொன்னதுதான் இவ்வளவும். அதற்குள் இரண்டு பேர் தண்ணீர் அடித்து விளையாடி, ஒருத்தி அழுது, பேச்சு பாதியில் நின்றுவிட்டது. இருபத்தாறு வருஷச் சரக்கை இப்படிக் கழுவாத தட்டுக்கும் கழுவிய தட்டுக்கும் நடுவில் கைமாற்ற வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 22

மழை லீவு. மாதிரி டெட் தாளில் கணக்கு 30-க்கு 19.

அக்டோபர் 24

பாதிப் பிள்ளைகள் வரவில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல் முளைத்துக் கிடக்கிறது, பெற்றவர்கள் அங்கேயே காவல்.

அக்டோபர் 28

இன்று மதியம் ஒரு வேடிக்கை. "வாங்க டீச்சர், பியாஜேவைக் காட்டறேன்" என்று சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரே அளவான இரண்டு டம்ளர் எடுத்து வந்தாள். இரண்டிலும் சமமாகத் தண்ணீர். ரெண்டாம் வகுப்புப் பையன் குனிந்து ஒற்றைக் கண்ணால் அளந்து பார்த்து, சமம்தான் என்றான். அவன் கண் முன்னாலேயே ஒன்றை அவளுடைய ஒல்லியான பாட்டிலில் ஊற்றினாள். "இப்ப?" "பாட்டில்லதான் நிறைய மிஸ்." நாலாம் வகுப்புப் பெண்ணிடம் கேட்டால், "அதே தண்ணிதானே மிஸ்" என்று எங்களை ஏளனமாகப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

அவன் இரண்டாவது நிலை, அவள் மூன்றாவது. இனி குழம்பாது. ஆனால் ஆண்டு விழாப் பாயசத்தை ஒன்றாம் வகுப்புக்கு ஒரே மாதிரி டம்ளரில்தான் ஊற்ற வேண்டும் என்று எனக்கு எப்போதிலிருந்தோ தெரியும். சண்டை வரும். அதற்குப் பிரான்ஸ்காரர் பெயரா வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். "சுவிட்சர்லாந்து டீச்சர். இப்படித்தான் மார்க் போகும்."

எனக்கு டீச்சர், அவளுக்கு மிஸ். எவன் ஆரம்பித்து வைத்தானோ.

நவம்பர் 4

வாக்காளர் பட்டியல் திருத்தம் தொடங்கிவிட்டது. என் பாகத்துக்கு நான்தான் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்). மத்தியானத்துக்கு மேல் வீடு வீடாகப் படிவம். என் ஐந்தாம் வகுப்பும் அவளிடம்.

நவம்பர் 6

எரிச்சல். தட்டிக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்து புளூடூத் ஸ்பீக்கர். எழுத்துப் பாட்டாம். என் பிள்ளைகள் பின்னக் கணக்கை விட்டுவிட்டுத் தாளம் போடுகிறார்கள். போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். கடுகடு என்றுதான் சொன்னேன்.

செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தபோது நானும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தவள்தான். "எல்லாம் நாலு நாளைக்கு" என்று அப்போதைய சீனியர் டீச்சர் சிரித்தார். அட்டைகளும் போய்விட்டன, அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஏணிப்படி சார்ட் மட்டும் பீரோ மேல் சுருட்டிக் கிடக்கிறது. இப்போது எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர்.

ஒன்றாம் வகுப்பில் வாயே திறக்காத அந்தச் சுருட்டை முடிப் பயல் இன்று பாடினான். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

நவம்பர் 10

"டீச்சர், மியூச்சுவல் ட்ரான்ஸ்பர் எப்பக் கேக்கலாம்?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். சேர்ந்தே நாலைந்து மாதம்தான் ஆகிறது, இப்போதைக்கு நடக்காது என்று சொல்லி வைத்தேன். ராத்திரி தூக்கம் இல்லை. அவள் ஊர் தர்மபுரிக்கும் இந்த ஊருக்கும் ஒரு ராத்திரி பஸ் பயணம். ஒற்றை அறை. வீட்டுக்காரம்மா ஏழு மணிக்குக் கேட் பூட்டுகிறாள். அப்பா தினமும் போன் பண்ணுகிறாராம். நான் ஸ்பீக்கருக்காகக் கடுகடுத்ததாலா? அதற்காகவெல்லாம் யாரும் ஊரை விட்டுப் போக மாட்டார்கள். எமிஸ்தான் காரணம். இல்லை, அந்தக் கேட். அவள் போனால் அந்த இடம் எத்தனை வருஷம் காலியாகக் கிடக்குமோ, மூன்று வகுப்பும் என் பக்கம் வரும். அவளுக்காகக் கவலைப்படுகிறேனா, எனக்காகவா, பிரித்துப் பார்க்க முடியவில்லை. நாளைக்கு ஹெச்.எம்.மிடம் எமிஸைப் பங்கு போடச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 11

சொன்னேன். "பரீட்சை முடியட்டும் டீச்சர்" என்றார். யாருடைய பரீட்சை?

நவம்பர் 12

கையால் எழுதிய வினாத்தாள் ஒன்று கொடுத்தாள், குழந்தை மேம்பாடு முப்பது கேள்வி. எனக்கு 24. சிவப்பு மையில் ஒரு ஸ்டார் போட்டு 'வெரி குட்' என்று எழுதித் திருப்பித் தந்தாள். நாலாம் வகுப்பு சார் எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம், மிட்டாய், பேச்சுப் போட்டி. நாளைக்கு டெட். 150-க்கு 82 எடுத்தால் போதும் எனக்கு. கருப்புப் பேனா இரண்டு எடுத்து வைத்தாச்சு.

மூன்றரை மணிக்குத் தகவல், திங்கட்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர் வருகிறார். முதலில் அவளுடைய பாடக்குறிப்பேட்டைத்தான் கேட்பார். மாதிரி ஒன்று எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன், இன்னும் தரவில்லை. வாக்காளர் படிவம் ஒரு கட்டு மேசை மேல் கிடக்கிறது. டெட் பாடத்தில் வைகாட்ஸ்கி தொடவே இல்லை. மணி பத்தரை. முதலில் எதை எடுப்பது