தரைக்கு எந்தச் சோப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்

செட்டிநாட்டுப் பக்கம் பெரிய வீடுகளைக் கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விடுவது சாதாரணமாகிவிட்டது. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பதால் கூட்டித் துடைக்கிற வேலை காண்ட்ராக்டுக்குப் போகிறது. எங்கள் வீட்டு வரவு செலவை நான் பார்த்துக்கொள்வதால், காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் தெரிந்தவர்களின் ஒப்பந்தத் தாள்களையும் வாங்கிப் படிப்பேன். எத்தனை ஆள், எத்தனை மணிக்கு வர வேண்டும், சம்பளம் எவ்வளவு எல்லாம் விவரமாக இருக்கும். தரையில் எதை ஊற்றப் போகிறார்கள் என்பதற்கு மட்டும் 'தரமான சோப்புத் திரவம்' என்று ஒரே வரி.

அந்த வரி போதாது. இந்த வீடுகளில் தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் சூளையில் வெந்ததில்லை. கண்ணாடி மேல் நிறக் கலவையை ஊற்றி, சிமென்ட்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தது. அமிலம் பட்டால் சிமென்ட் அரித்துப்போகும். மார்பிளுக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் அதே கதிதான். கக்கூஸ் கழுவுகிற திரவத்தில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும், அதை யாராவது கறை போகட்டும் என்று வளவில் (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) ஊற்றிவிட்டால் போன பளபளப்பைச் சோப்புப் போட்டெல்லாம் மீட்க முடியாது.

பிராண்டு பெயரை எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடவே 'அல்லது அதற்கு இணையானது' என்றும் சேர்ப்பார்கள், அங்கேதான் ஓட்டை. எதில் இணை? வாசனையிலா, விலையிலா? ஆசிட் ஸ்லரி என்கிற சோப்புத் திரவ மூலப்பொருளை வாங்கிக் கலக்கி கேனில் விற்கிற திரவமும் கொழகொழவென்றுதான் இருக்கும், நன்றாகவே நுரைக்கும். ஆனால் நுரையை வைத்து அழுக்கு போகுமா என்று சொல்ல முடியாது. கொழகொழப்புக்குப் பல திரவங்களில் சாதாரண உப்பைத்தான் சேர்க்கிறார்கள், அந்த உப்பு கல்லுக்குள் இறங்கி, காய்ந்த பிறகு வெள்ளையாகப் பூத்து வெளியே வரலாம். பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) சரியாக இருந்தாலும் இது நடக்கும், அதனால் உப்பைத் தனியாகவே குறிப்பிட வேண்டும்.

என்னைக் கேட்டால் இப்படி எழுதச் சொல்வேன்: அமிலமும் குளோரின் பிளீச்சும் இல்லாத, உப்புச் சேர்த்துக் கெட்டியாக்காத திரவம்; துடைக்கிற அளவுக்குத் தண்ணீரில் கலந்த பிறகு பி.எச். 7-லிருந்து 8.5-க்குள், ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி என்ற கணக்கு. கலக்கும் அளவைச் சொல்லாமல் பி.எச். மட்டும் எழுதுவதில் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் கேனில் இருக்கும்போது ஒரு அளவு, வாளியில் வேறு அளவு. ஒரு எண் கூடினாலே காரம் பத்து மடங்கு. போர் தண்ணீரின் பி.எச்.சையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவே 8-ஐத் தொட்டால் சோப்பைக் குறை சொல்ல முடியாது. சோதிக்க பி.எச். தாள் போதும், சந்தேகம் வந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். முதல் கேனிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துச் சீல் வைத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டால் அப்புறம் வாக்குவாதம் இருக்காது.

'ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பவுடர்' என்று எழுதியும் பார்த்திருக்கிறேன். ஐ.எஸ். 4955 துணி துவைக்கிற பவுடருக்கான தரம். அந்தப் பவுடரில் சோடா உப்பு இருக்கும், காரம் அதிகம். பருத்தி விரிப்புக்கும் தலையணை உறைக்கும் சரி, தரைக்குச் சரிவராது. சலவை ஒப்பந்தத்திலும் பட்டுத் துணியைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள். பட்டு புரத இழை, அதனால் புரதத்தை உடைக்கிற என்சைம் உள்ள பவுடர் ஆகவே ஆகாது.

ஒன்றை மட்டும் தடித்த எழுத்தில் போடச் சொல்வேன்: பிளீச்சையும் அமிலத்தையும் சேர்த்து ஊற்றவே கூடாது. குளோரின் வாயு வரும், ஜன்னல் இல்லாத பாத்ரூமில் கழுவுகிற பெண்ணின் நுரையீரலுக்கு அது ஆபத்து. குடிதண்ணீர் பாட்டிலில் எந்தத் திரவத்தையும் ஊற்றி வைக்கக் கூடாது என்பதும், கையுறை யார் வாங்கித் தருவது என்பதும் அதே பத்தியில் வரட்டும்.

இவ்வளவும் எழுதினால் காண்ட்ராக்டர் கூடுதல் விலை சொல்வார், நியாயம்தான், அந்தத் திரவம் விலை அதிகம். கட்டுப்படியாகாதென்றால் ஆள்கூலியை மட்டும் பேசிவிட்டு, சோப்பை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். 'வீட்டுக்காரர் கொடுத்ததைத் தவிர வேறெதுவும் உள்ளே வரக்கூடாது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.