மண்ணீரலில் ஒரு பகுதியை எடுத்த பிறகு: டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்

மகளுக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, காயமும் சீக்கிரம் ஆறிவிட்டது. எங்களைப் படுத்தி எடுத்தது அப்புறம் வந்த காகிதங்கள்தான்.

அவளுக்குப் பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸ்; சிவப்பணுக்கள் உருண்டையாகி, மண்ணீரலில் சீக்கிரமே அழிந்துபோகும் நோய். முழு மண்ணீரலையும் எடுத்தால் கடுமையான கிருமித் தொற்று அபாயம் ஆயுள் முழுக்க இருக்கும் என்பதால், ரத்தக்குழாயோடு ஒரு பகுதியை விட்டுவைத்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலோ வெறும் ‘ஸ்ப்ளீனெக்டமி’, அதாவது மண்ணீரல் நீக்கம் என்று மட்டும்! எவ்வளவு மிச்சம், மேல்முனையா கீழ்முனையா, ஒன்றும் இல்லை. திருத்தித் தரச் சொன்னால், “ரெண்டும் ஒண்ணுதாங்க” என்று ரெக்கார்ட்ஸ் பிரிவில் அனுப்பிவிட்டார்கள்.

விளைவு, அடுத்த ஸ்கேனில் தெரிந்தது. மண்ணீரலே இல்லை என்று நம்பிய ஸ்கேன் மையம், மிச்சமிருந்த பகுதியைத் ‘துணை மண்ணீரல்’ (சிலருக்குப் பிறவியிலேயே கூடுதலாக இருக்கும் சிறு மண்ணீரல்) என்று எழுதிக் கொடுத்தது. வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடப் பழைய அளவும் கையில் இல்லை. அலைச்சலும் பணமும் வீண். கடைசியில் அறுவை நிபுணரையே நேரில் பார்த்து, ஆபரேஷன் குறிப்பின் நகலையும் திருத்திய சம்மரியையும் வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

வளர்ச்சி பற்றி அவர் சொன்னதை எல்லாருக்கும் சொல்ல வேண்டும். வெட்டிய பகுதி பழைய வடிவில் முளைத்து வருவதில்லை. மிச்சமிருக்கும் திசுதான் பருக்கிறது. அளவுக்கு மீறிப் பருத்தால் சிவப்பணுக்களை மறுபடி அதிகமாக அழித்து, ரத்தசோகை திரும்பலாம். அதனால் ஸ்கேனோடு ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும். பெரிதாகிவிட்டது என்பதாலேயே சரியாக வேலை செய்கிறது என்றும் ஆகாது. ரத்தப் பூச்சுப் பரிசோதனையில் ‘ஹவல்-ஜாலி’ துணுக்குகள் தெரிகின்றனவா என்று கேளுங்கள். சிவப்பணுவுக்குள் தங்கிப்போன உட்கருத் துணுக்குகள் அவை. நல்ல மண்ணீரல் அவற்றை அகற்றிவிடும். மகளின் ரிப்போர்ட்டில் அவை இல்லை என்று வந்த அன்று வீட்டில் எல்லார் முகமும் தெளிந்தது.

தடுப்பூசி அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (Hib) ஆகிய கிருமிகளுக்கு எதிரான ஊசிகளை, திட்டமிட்ட அறுவை என்றால், குறைந்தது 2 வாரம் முன்பே போடுவார்கள். அட்டை இல்லாவிட்டால் பூஸ்டர் எப்போது என்பதில் குழப்பம்தான். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போய், முதல் வார்த்தையாக மண்ணீரல் அறுவையைச் சொல்லுங்கள். திருத்திய சம்மரியின் நகல் இப்போது எங்கள் இருவர் கைப்பேசியிலும் இருக்கிறது.