வரியிலிருந்து தொடங்கும் பக்கம்

வரைகலை வடிவமைப்பைக் கற்றுத்தரும் காணொளிகளும் வகுப்புகளும் பெரும்பாலும் வண்ணச் சக்கரத்தில் தொடங்கி லோகோ வரைவதில் முடிகின்றன. ஒரு தமிழ்ச் சிற்றிதழையோ சிறுநூலையோ தன் கையாலேயே பக்கம் அமைக்க விரும்புகிறவருக்கு அந்த வரிசை அவ்வளவாகப் பயன்படாது என்பது என் கருத்து. எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் காலாண்டிதழை வடிவமைக்கும் பொறுப்பை ஏற்ற பிறகுதான் இத்துறையின் அடிப்படைகளைப் படிக்கத் தொடங்கினேன். வரியின் நீளம், வரிகளுக்கு நடுவே விடும் இடைவெளி ஆகிய இரண்டையும் முதலில் முடிவு செய்துவிட்டால், ஓரங்களும் தலைப்பின் அளவும் படத்தின் இடமும், ஏன், அச்சுச் செலவும்கூட, அவற்றைப் பின்தொடர்ந்து வந்துவிடுகின்றன.

எழுத்தின் அளவைப் பாயிண்ட் என்ற அலகால் குறிக்கிறோம். கணினியில் 72 பாயிண்ட் சேர்ந்தது ஓர் அங்குலம். ஆனால் 11 பாயிண்ட் எழுத்து என்றால் எழுத்தின் உயரம் 11 பாயிண்ட் என்று பொருளில்லை. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலத்தில், எழுத்தைத் தாங்கி நின்ற உலோகக் கட்டையின் உயரத்தையே அந்த எண் குறித்தது. அந்தக் கட்டைக்குள் எழுத்து எவ்வளவு இடத்தை நிரப்புகிறது என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும் என்பதால், நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவில் 11 பாயிண்டில் இருக்கும் பத்தியை அப்படியே லதாவுக்கோ முக்த மலருக்கோ மாற்றினால் பக்கத்தின் தோற்றமும் வரி எண்ணிக்கையும் வேறாகிவிடுகின்றன. ஆகவே எழுத்துருவை முதலில் தேர்ந்துகொண்டு, ஒரு பத்தியை உண்மையான அளவில் தாளில் அச்செடுத்துப் பார்த்த பிறகே எண்களைத் தீர்மானிக்க வேண்டும். திரையில் பெரிதாக்கிப் பார்த்து எடுக்கும் முடிவுகள் தாளில் நிற்பதில்லை.

வரி இடைவெளிக்குப் பக்க அமைப்பு மென்பொருள்கள் தாமாக வைத்துக்கொள்ளும் மதிப்பு பொதுவாக எழுத்தளவில் 120 விழுக்காடு. இது ரோமன் எழுத்துகளை மனத்தில் கொண்டு வைத்தது. தமிழில் ‘கூ’, ‘நு’, ‘ஞ’ போன்ற எழுத்துகள் வரிக்குக் கீழே இறங்க, அதற்கு அடுத்த வரியில் ‘கீ’, ‘வீ’ ஆகியவற்றின் மேல்விலங்குகள் மேலே எழும்புகின்றன. ‘ஸ்ரீ’ வந்தால் கேட்கவே வேண்டாம். 11 பாயிண்ட் எழுத்துக்கு 13 பாயிண்ட் இடைவெளி விட்டால் இவை ஒன்றோடொன்று உரசி, பக்கம் முழுவதும் ஒரே கறுப்பாகத் தெரிகிறது. 140 முதல் 150 விழுக்காடு வரை விட்டால்தான் கண் ஒரு வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் தடுமாறாமல் திரும்புகிறது. நான் 11 பாயிண்ட் எழுத்துக்கு 16 பாயிண்ட் இடைவெளியை எடுத்துக்கொண்டேன்.

இனி கணக்கு எளிது. எங்கள் இதழ் ஏ5 அளவு, அதாவது 148 மி.மீ. அகலமும் 210 மி.மீ. உயரமும் கொண்டது. மேலே 18, கீழே 22, உட்புறம் 18, வெளிப்புறம் 16 மி.மீ. ஓரம் விட்டால் எழுத்துக்கு எஞ்சுவது 114 மி.மீ. அகலமும் 170 மி.மீ. உயரமும். 170 மி.மீ. என்பது ஏறக்குறைய 482 பாயிண்ட் என்பதால் அதில் 16 பாயிண்ட் வீதம் 30 வரிகள் சரியாக அடங்குகின்றன. தலைப்பு, துணைத்தலைப்பு, படம் எதுவாக இருந்தாலும் அது பிடிக்கும் உயரத்தை 16இன் மடங்காக வைத்துக்கொண்டால் எதிரெதிர்ப் பக்கங்களின் வரிகள் ஒரே மட்டத்தில் அமையும். தாளின் மறுபக்கத்து எழுத்து நிழலாகத் தெரியும்போதும் அது இப்பக்கத்து வரியின் பின்னாலேயே மறைந்துகொள்ளும். மலிவான தாளில் அச்சடிக்கும் சிற்றிதழ்களுக்கு இது பெரிய ஆதாயம்.

இந்த 114 மி.மீ. அகலத்தில் சராசரியாக ஆறு தமிழ்ச் சொற்கள் நிற்கின்றன. வரிக்கு 45 முதல் 75 எழுத்து வரை இருக்கலாம் என்று ஆங்கில வடிவமைப்புப் பாடங்களில் சொல்லப்படும் வரையறையை இங்கே அப்படியே பொருத்த முடியாது, ஏனெனில் தமிழ் எழுத்துகள் அகலமானவை, சொற்களோ விகுதிகளையும் உருபுகளையும் சேர்த்துக்கொண்டு நீள்பவை. ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்ற ஒரே சொல் வரியில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஓரங்களையும் நேராக்கி அடுக்கும்போது அப்படிப்பட்ட சொல் வரிக்குள் அடங்காமல் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டால், மீதமிருக்கும் நான்கு சொற்களுக்கு இடையே பெரிய பள்ளங்கள் விழுகின்றன. அடுத்தடுத்த வரிகளில் இப்பள்ளங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக அமைந்துவிட்டால், வாய்க்கால் போல ஒரு வெள்ளைக் கோடு பத்தியின் நடுவே ஓடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய தமிழ் அச்சு நூல்களையும் நாளிதழ்ப் பத்திகளையும் பார்த்தால், சொல்லை எந்த எழுத்தில் வேண்டுமானாலும் முறித்து, பல வேளைகளில் இணைப்புக் கோடுகூட இல்லாமல், அடுத்த வரியில் தொடர்ந்திருப்பார்கள். தமிழ் வாசகருக்கு இது பழகிய ஒன்றுதான். ஆனால் மெய்யெழுத்து அடுத்த வரியின் முதலில் வந்து நிற்காதபடியும், ஓரெழுத்து மட்டும் தனியாக எஞ்சாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றொரு வழி, இடது ஓரத்தை மட்டும் நேராக்கி வலது ஓரத்தை இயல்பாக விட்டுவிடுவது. சொல்லிடைவெளி எல்லா வரிகளிலும் ஒன்றாக இருக்கும் இந்த முறையே எனக்குப் பிடிக்கிறது. கவிதைக்கும் கடிதங்களுக்கும் அதையே வைத்திருக்கிறேன். கட்டுரைகளுக்கு மட்டும், ஓரம் நேராக இல்லாவிட்டால் வேலை முடியாதது போலிருக்கிறது என்று வட்டத்தின் மூத்தவர்கள் சொன்னதால், சொல் முறிப்புடன் இரு ஓரங்களையும் நேராக்குகிறேன்.

ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவதிலும் தமிழுக்கெனத் தனி வழி வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் தலைப்பு முழுவதையும் பெரிய எழுத்துகளில் அமைக்கலாம். நூற்பெயர்களைச் சாய்வெழுத்தில் காட்டலாம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. சாய்வெழுத்து மரபும் இல்லை. மென்பொருளில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் கிடைப்பது, நேரான எழுத்தைக் கணினி இழுத்துச் சரித்த வடிவம் மட்டுமே. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவைத் தடிக்கச் செய்தாலும் இதே கதைதான். ‘ண’, ‘ஞ’, ‘இ’ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுப்போகின்றன. எனவே உண்மையான தடித்த வடிவங்கள் உள்ள ஒரே எழுத்துருக் குடும்பத்தை வைத்துக்கொண்டு, அளவாலும் தடிப்பாலும் சுற்றிலும் விடும் வெற்றிடத்தாலும் மட்டுமே தலைப்பு, துணைத்தலைப்பு, படக்குறிப்பு ஆகியவற்றைப் பிரித்துக் காட்டுகிறேன். திருமண ஃப்ளெக்ஸ்களில் மணமக்களின் பெயருக்கு ஓர் எழுத்துரு, தாய்மாமன் பெயருக்கு வேறோர் எழுத்துரு என்று அமைப்பவர்களின் உற்சாகம் எனக்கு வாய்க்கவில்லை.

அண்மை, சீரமைவு, மீள்வருகை, மாறுபாடு என்று எல்லாப் பாடங்களிலும் வரும் நான்கு கொள்கைகளை இங்கே விரிக்கத் தேவையில்லை. படக்குறிப்பு படத்துக்கு அருகில் இருக்க வேண்டும், துணைத்தலைப்பு தனக்கு மேலுள்ள பத்தியைவிடக் கீழுள்ள பத்திக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்ற இரண்டைக் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கருவிகளைப் பொறுத்தவரை, நம் டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) மையங்களின் வரலாறு பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருளோடு பின்னியது. 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டு, பின்னர் அடோபியின் கைக்குப் போன அந்த மென்பொருள், உலக மொழிகளுக்கான பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடை ஏற்கவில்லை. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் அதில் சிக்கலின்றி ஓடின என்பதால், இன்றும் பல இடங்களில் அம்முறையே தொடர்கிறது. யூனிகோடில் ‘கொ’ என்பதில் முதலில் ககரமும் அடுத்து உயிர்க்குறியும் சேமிக்கப்படும். கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் கொண்டுபோய் நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. அடோபியின் பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர் என்ற தெரிவைத் தேர்ந்தால்தான் அது சரியாக நடக்கும்; இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். நான் கட்டணமின்றிக் கிடைக்கும் ஸ்கிரைபஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதன் 1.4 பதிப்பு வரிசை தமிழைச் சரியாகக் கோக்காது; 1.5 வரிசையிலிருந்து கோக்கிறது.

அச்சகத்துக்கு அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. உரை முழுவதும் தனிக் கறுப்பில் இருக்க வேண்டும். வண்ண அச்சின் நான்கு மைகளும் கலந்த கறுப்பாக இருந்தால், அச்சுப் பிளேட்டுகள் இம்மியளவு விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிறம் பிதுங்கும். பக்க விளிம்பு வரை ஓடும் படங்களை வெட்டும் எல்லைக்கு அப்பால் 3 மி.மீ. நீட்டிவைக்க வேண்டும். படங்கள் அச்சிடும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் இருக்க வேண்டும். 1,200 பிக்சல் அகலமுள்ள ஒரு படத்தை 4 அங்குலத்துக்கு மேல் பெரிதாக்கக் கூடாது என்பதை, கைப்பேசியில் வந்த புகைப்படத்தை அட்டையில் போடச் சொல்லும் நண்பர்களுக்கு இந்த எண்ணைக் காட்டித்தான் புரியவைக்க முடிகிறது.

அடுத்த இதழுக்கு எழுத்தை 12 பாயிண்டாக உயர்த்தவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வட்டத்தில் அறுபது வயதைக் கடந்தவர்கள் பலர் என்பதால் இது நியாயமான கோரிக்கை. 17 பாயிண்ட் இடைவெளியுடன் கணக்கிட்டால் பக்கத்துக்கு 28 வரிகளே வரும். வரிக்கு அடங்கும் எழுத்துகளும் குறையும். ஏ4 தாள்களை மடித்து நடுவே கம்பி தைக்கும் இதழ் என்பதால் பக்கங்கள் நான்கின் மடங்காகவே இருக்க வேண்டும். இப்போது 44 பக்கங்களில் முடியும் இதழ் 52 பக்கங்களாகும். ஒவ்வொரு படிக்கும் இரண்டு ஏ4 தாள்கள் கூடுதல் செலவு. ஓரங்களைக் குறுக்கி இதை ஈடுகட்டலாம் என்றார் ஒருவர். உட்புற ஓரத்தைக் குறைத்தால், இதழை அழுத்திப் பிரித்தால்தான் வரியின் முனை தெரியும். வெளிப்புறத்தைக் குறைத்தால் கட்டைவிரல் எழுத்தின் மேல் உட்காரும். ஆண்டு விழாப் புகைப்படங்களுக்கென ஒதுக்கியிருக்கும் நான்கு பக்கங்களை எடுத்துவிட்டால் 48க்குள் முடித்துவிடலாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.